கோத்தகிரி ஏற்றத்துக்குக் குறைக்க வேண்டியது எந்த எடையை?

கேள்வி: என் வயது 41, உயரம் 174 செ.மீ., எடை 82 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறுகிறேன். கோவை அவினாசி சாலையின் சமதளத்தில் அவர்களோடு சமமாகவே ஓட்டுகிறேன். ஆனால் இந்த மலை ஏற எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. அவர்கள் டீ குடித்து முடித்த பிறகுதான் போய்ச் சேருகிறேன். கடைசி ஏற்றங்களில் முழங்கால் வலிக்கிறது. என் 12 கிலோ சைக்கிளை விட்டுவிட்டு 8 கிலோ கார்பன் சைக்கிள் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். ஜிம்மில் 45 நாளில் 10 கிலோ குறைக்கும் பவுடரைச் சொல்கிறார்கள். எதைச் செய்யட்டும்?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். உங்களுக்கு யோசனை சொன்ன இருவருமே விற்பனையாளர்கள் என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். நீங்கள், சைக்கிள், தண்ணீர், கருவிப்பை எல்லாம் சேர்த்து 96 கிலோ என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் ஏறி முடிக்க உங்கள் கால்கள் இடைவிடாமல் ஏறத்தாழ 150 வாட் சக்தியைத் தர வேண்டும். அதில் 125 வாட்டுக்கு மேல் எடையைத் தூக்குவதற்கே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதியை டயரின் உராய்வு தின்கிறது. காற்றுத் தடைக்குச் செலவாவது ஏழெட்டு வாட்தான். அவினாசி சாலையின் சமதளத்தில் நண்பர்களோடு சமமாக ஓட்டும் நீங்கள் மலையில் மட்டும் பின்தங்குவதற்குக் காரணம் இதுதான்: சமதளத்தில் எதிரி காற்று, அதற்கு உங்கள் எடை ஒரு பொருட்டில்லை, ஏற்றத்தில் எதிரி எடை மட்டுமே.

இந்தக் கணக்கின்படி, சக்தி மாறாமல் ஒரு கிலோ குறைந்தால் மூன்று மணி நேரத்தில் சுமார் ஒன்றரை நிமிடம் மிச்சமாகும். ஐந்து கிலோவுக்கு எட்டு நிமிடம். அந்தக் கிலோ உங்கள் இடுப்பிலிருந்து போனதா சைக்கிளின் சட்டத்திலிருந்து (ஃபிரேம்) போனதா என்று மலை பார்ப்பதில்லை. ஆகவே, நான்கு கிலோ குறைவான கார்பன் சைக்கிள் உங்களுக்கு வாங்கித் தருவது ஆறு, ஆறரை நிமிடம். அது பொய்யான லாபம் இல்லை. ஆனால் அந்த விலைக்கு அவ்வளவுதான் கிடைக்கும் என்பதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

கடைக்காரர் அடுத்தபடியாக, சக்கரத்தில் குறையும் ஒரு கிலோ சட்டத்தில் குறையும் இரண்டு கிலோவுக்குச் சமம் என்பார். சிக்னலில் நின்று கிளம்பி வேகம் பிடிக்கும் சில நொடிகளுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஏறும்போது சக்கரத்தின் கிலோவும் சட்டத்தின் கிலோவும் ஒன்றே. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு மாதச் சம்பளத்தைச் சக்கரத்தில் கொட்டியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உலகப் போட்டிகளிலேயே சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து விதி இருக்கிறது. வீரர்களுக்கே போதும் என்று வைத்த எல்லையை நோக்கி ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் கடன் வாங்கி ஓட வேண்டியதில்லை.

இனிப் பவுடர். 45 நாளில் 10 கிலோ குறைந்தால், போனதில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு தசை. தசை போனால் சக்தியும் போகும். ஐந்து கிலோ குறைந்து, உங்கள் 150 வாட் 142 வாட்டாக இறங்கினால் போதும், சேமித்த எட்டு நிமிடமும் திரும்பப் போய்விடும். பட்டினி கிடந்து, பணம் கட்டி, அதே மூன்று மணி நேரத்தில்தான் கோத்தகிரி போய்ச் சேருவீர்கள். மலையேற்றத்தில் எடையைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் அளவு. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற மிகுவேல் இந்துராயின் சுமார் 80 கிலோ எடையுள்ளவர், ஏறக்குறைய உங்கள் எடை. மெலிந்த மலையேற்ற வீரர்களுக்கு நடுவே அவர் தாக்குப்பிடித்தது அந்த உடம்புக்குள் இருந்த சக்தியால்.

அந்த டப்பாவில் அச்சிட்டிருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டி, அரசாங்கமே அங்கீகரித்தது என்பார்கள். அந்த எண், விற்பவர் உரிமம் பெற்றிருக்கிறார் என்பதற்கு மட்டுமே அடையாளம். உள்ளே இருப்பது வேலை செய்யும் என்றோ, சொல்லாத மருந்து எதுவும் கலக்கவில்லை என்றோ அதற்குப் பொருள் இல்லை. இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, எடை குறைப்புப் பொடிகளில் ஒளிந்து வருவது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. எண்ணைக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று அதிகாரிகள் இருந்துவிடுவதும், இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தவர்கூடப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள முடிவதும் இந்த வியாபாரத்துக்கு உரம் போடுகின்றன. நான் கோபப்பட்டு எந்தப் பலனும் இல்லை. நீங்களாவது வாங்காமல் இருங்கள்.

உங்கள் உயரத்துக்கு ஐந்தாறு கிலோ குறைப்பது நல்லதுதான். அதை மூன்று மாத வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டாம். இரவுச் சோற்றின் அளவையும் மாலை நொறுக்குத்தீனியையும் குறைத்து, பருப்பு, முட்டை, சுண்டல், மீன் ஆகியவற்றைக் குறைக்காமல் சாப்பிடுங்கள். மலை ஏறும் நாளில் மட்டும் உணவைக் குறைக்காதீர்கள். ஒரு கோத்தகிரி ஏற்றத்துக்கு உங்கள் உடல் ஏறத்தாழ 1,600 கலோரி செலவழிக்கிறது. வெறும் வயிற்றில் போனால் பாதி வழியில் கால் நின்றுவிடும். மணிக்கு ஒருமுறை இரண்டு வாழைப்பழமோ நான்கைந்து பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிடுங்கள். எடை குறையட்டும் என்று தண்ணீர் பாட்டிலை விட்டுச் செல்வதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று எழுதவில்லை. உங்கள் வயதில் நம் ஊரில் அது அரிதும் இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் உணவையும் குறைத்து மூன்று மணி நேரம் மலையும் ஏறினால், இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். அதன் அறிகுறிகளான வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாமே ஏற்றத்தின் களைப்பைப் போலவே இருப்பதால் பக்கத்தில் வருபவருக்கும் தெரியாது. தெரியவருவது இறக்கத்தின் வளைவில் பிரேக்கைப் பிடிக்கத் தவறும்போதுதான். கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிடாமல் ஏறாதீர்கள். அன்று காலை இன்சுலினைத் தொடையில் போடாதீர்கள், உழைக்கும் தசைக்கு அருகில் அது வேகமாக இரத்தத்தில் கலக்கும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரை அன்றிரவு தூக்கத்திலும் இறங்கக்கூடும் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் அடுத்த நோயாளியைக் கூப்பிடும் இடமாக இருந்தாலும், “மூன்று மணி நேரம் மலையேறுகிறேன்” என்ற சொல்லைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள்.

கடைசியாக முழங்கால். அந்த வலிக்கு உங்கள் எடையைவிடக் கியர்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரங்களில் பெரியதில் 28 பல் என்ற அமைப்பாக இருந்தால், நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போகும். பத்து சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு 250 வாட் வேண்டும். அது உங்களிடம் இல்லை. அதனால் மிதி 40-க்குக் கீழே இறங்கி, ஒவ்வொரு மிதியிலும் முழு எடையையும் முட்டியின் மேல் போட்டு அழுத்துகிறீர்கள். பின் பற்சக்கரத் தொகுப்பை 34 பல் வரை உள்ளதாக மாற்றினால் அதே சக்தியில் மிதி கூடும், அழுத்தம் குறையும். செலவு கார்பன் சைக்கிளின் விலையில் ஒரு சிறு துளி. உங்கள் கியர் மாற்றும் கருவி 34 பல்லைத் தாங்குமா என்பதைப் பழுது பார்ப்பவரிடம் முதலில் கேளுங்கள், விற்பனைப் பிரிவில் கேட்காதீர்கள். கூடவே இருக்கையின் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கை தாழ்ந்திருந்தாலும் இதே இடத்தில்தான் வலிக்கும். இரண்டையும் சரிசெய்து நான்கு ஞாயிறு ஏறிய பிறகும் வலி தொடர்ந்தால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.