சாய்ந்து நடக்கும் அம்மா: குறை முழங்காலில்தானா?

கேள்வி: என் தாயாருக்கு 54 வயது. தக்காளித் தோட்டங்களில் கூலி வேலைக்குச் செல்கிறார். சில மாதங்களாக நடக்கும்போது அவருடைய உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. இடது கால் செருப்பு அடிக்கடி கழன்றுவிடுகிறது. வாசற்படியில் கால் விரல் தட்டுகிறது. எக்ஸ்ரே எடுத்து முழங்கால் தேய்மானம் என்றார்கள். மாத்திரையும் தொடைப் பயிற்சியும் தொடர்ந்தும் நடை மாறவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் தாயாரின் முழங்காலில் தேய்மானம் இருக்கலாம், அவர் வயதில் பலருடைய எக்ஸ்ரேயில் அது தெரியத்தான் செய்யும். ஆனால் நீங்கள் எழுதியுள்ள இரண்டு அடையாளங்களும் முழங்காலைவிட, இடுப்பின் வெளிப்பக்கத் தசையையும் பாதத்தை மேலே தூக்கும் தசையையுமே சுட்டுகின்றன. தொடையின் முன்தசை வலுவிழந்தவர்கள் பெரும்பாலும் கையால் தொடையை அழுத்திக்கொண்டோ, முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டோ நடப்பார்கள். அப்படி எதையும் நீங்கள் குறிப்பிடாததால், தொடைப் பயிற்சியால் நடை மாறாததில் எனக்கு வியப்பில்லை.

முதலில் சாய்வைப் பார்ப்போம். நடையின் ஒரு சுற்றில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் தரையில் ஊன்றியிருக்கும். மீதி நேரம் அந்தரத்தில் முன்னே வீசப்படும். இடது கால் மட்டும் உடலைத் தாங்கும் கணத்தில் வலப்பக்க இடுப்பு கீழே இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது, இடது இடுப்பின் வெளிப்பக்கத்திலுள்ள குளூட்டியஸ் மீடியஸ் என்னும் தசை. அது தளர்ந்தால் வலது இடுப்பு தொங்கும். அப்படித் தொங்காமலிருக்க உடம்பு தானாகவே இடப்பக்கம் சாய்ந்து, பாரத்தை இடது இடுப்பு மூட்டின் மேல் கொண்டுவந்து வைக்கும். இடுப்பு மூட்டில் வலி இருந்தாலும் இதே சாய்வு வரும் என்பதால், நடையை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. இயன்முறை மருத்துவர் அவரை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது காலை மேலே தூக்கச் சொல்லித் தசையின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார். காலைத் தூக்க முடிந்தும், கையால் சற்றே அழுத்தினால் தாங்க முடியாத நிலைதான் 3.

அடுத்தது செருப்பு. குதிகால் தரையைத் தொட்டதும் முன்பாதத்தை மெதுவாக இறக்குவதும், கால் வீசும்போது விரல்களைத் தரையில் உரசாமல் தூக்கிப் பிடிப்பதும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள டிபியாலிஸ் ஆன்டீரியர் தசை. அது சற்றுத் தளர்ந்தால் பாதம் 'பட்' என்று தரையில் விழும். மிகவும் தளர்ந்தால், சமதரையிலும் படியேறுபவர்போல முழங்காலை உயர்த்தி நடக்க நேரும். அவருடைய பழைய செருப்புகளைத் திருப்பிப் பாருங்கள். இடது செருப்பின் நுனி மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், மருத்துவரிடம் செல்லும்போது அதையும் கொண்டுசெல்லுங்கள்.

இந்த இரண்டு தசைகளுக்கும் முதன்மையாக நரம்பு வருவது கீழ்முதுகின் ஐந்தாம் நரம்பு வேரிலிருந்து. ஆகவே இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தளர்ந்திருந்தால் முதலில் சோதிக்க வேண்டியது முதுகெலும்பைத்தான். களை எடுக்க நெடுநேரம் குந்தியமர்பவர்களுக்கு முழங்காலின் வெளிப்புறம் எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பு நசுங்கியும் பாதம் தொங்கலாம். ஆனால் அப்போது இடுப்புத் தசை வலுவாகவே இருக்கும், உள்ளங்காலை உட்புறமாகத் திருப்பும் வலுவும் குறையாது. நரம்பு வேரே பாதிக்கப்பட்டிருந்தால் அந்தத் திருப்பமும் தளரும். இதைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். சர்க்கரை நோய் உண்டா, தோலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்றும் பார்த்துவிட வேண்டும்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல ஊர்களில் ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வந்தார்கள். அதனால் முதுகெலும்பு இறுகித் தண்டுவடம் அழுந்தினால், கால்கள் விறைத்து இழுத்து நடக்கும் நடை உண்டாகும். அங்கே குறை தசைத் தளர்ச்சி மட்டுமன்று, விறைப்பும்தான். பயிற்சி முறையே வேறு.

இப்போதைக்குக் கைத்தடியை வலது கையில் பிடிக்கச் சொல்லுங்கள்; சாயும் பக்கத்திலேயே பிடிப்பதுதான் பலரும் செய்வது, அதில் பயன் குறைவு. குதிகாலைச் சுற்றி வார் உள்ள செருப்பு அணியட்டும். குந்தியமர்ந்து செய்யும் வேலையைக் குறைத்துக்கொள்ளட்டும். ஒருக்களித்துக் காலைத் தூக்கும் பயிற்சி அவருக்குப் பொருந்தலாம், ஆனால் வலுவின் மதிப்பெண் 3-க்குக் கீழே இருந்தால் மல்லாந்து படுத்துக் காலைப் பக்கவாட்டில் நகர்த்துவதிலிருந்தே தொடங்க வேண்டும். பாதம் மிகவும் தொங்கினால் கணுக்கால் தாங்கி தேவைப்படும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பாருங்கள். பின்னர் அலைய இயலாவிட்டால், 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ மறுநாள் வரை காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.