பூனைக்கண் அக்கா, மாநிறத் தம்பி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியாரின் அப்பா ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் இருந்தவர். என் மகளுக்கு 11 வயது. நல்ல சிவப்பு, பூனைக்கண். மகனுக்கு 8, மாநிறம், சுருட்டை முடி. அவன் ஏற்காட்டில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறான். விசேஷ வீடுகளில் மகளைச் 'சட்டைக்காரி' (ஆங்கிலோ இந்தியப் பெண்) என்கிறார்கள், மகனை 'இவன்தான் நம்ம பிள்ளை' என்கிறார்கள். இரண்டும் ஒரே அப்பாவுக்குப் பிறந்ததா என்று ஜாடையாகக் கேட்டவர்களும் உண்டு. இவ்வளவு வித்தியாசம் வருமா?
- வாசகி, சூரமங்கலம்

தாராளமாக வரும். டிகாஷனில் பால் ஊற்றுவதுபோல அப்பா நிறமும் அம்மா நிறமும் கலந்து நடுவாந்தரமாகப் பிள்ளை பிறக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மரபணு அப்படிக் கலப்பதில்லை. பெற்றோரிடம் ஒவ்வொன்றும் இரட்டையாக இருக்கும். அதில் ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும். எது போகும் என்பது பூவா தலையாதான்.

தோல் நிறத்தில் பங்குள்ள மரபணுக்கள் பல. அவற்றில் முக்கியமான ஒன்று எஸ்எல்சி24ஏ5. உடல் வெளிறிய ஒருவகை ஜீப்ரா மீனை ஆராயப்போய், நம் நிறத்திலும் அதற்குப் பங்குண்டு என்று 2005இல் தெரியவந்தது. உங்களிடமும் கணவரிடமும் இதில் வெளிர் வடிவம் ஒன்று, அடர் வடிவம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு இரண்டுமே வெளிராக அமைய நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டுமே அடராக அமைய நாலில் ஒரு வாய்ப்பு, ஒன்றுக்கு ஒன்றாக அமையப் பாதி வாய்ப்பு. மற்ற மரபணுக்களுக்கும் தனித்தனியே இதே ஆட்டம். கண்ணுக்கும் முடிக்கும் பெரும்பாலும் வேறு மரபணுக்கள். அதனால்தான் பூனைக்கண் ஒரு பிள்ளைக்கும் சுருட்டை இன்னொரு பிள்ளைக்குமாகப் பிரிந்து போயிருக்கிறது.

இரண்டும் வெளிராக அமைய, ஒன்று உங்களிடமிருந்து வந்தே ஆக வேண்டும். வெள்ளைக்காரச் சம்பந்தமே இல்லாத தமிழ்க் குடும்பங்களிலும் இந்த வெளிர் வடிவம் பரவலாக உண்டு. ஆகவே மகளின் சிவப்பை அப்படியே கொள்ளுத்தாத்தா கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவரிடமிருந்து ஒரு பிள்ளைக்கு வந்து சேருவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. அவரே கலப்பில் வந்தவர் என்பதால் ஐரோப்பியப் பங்கு அதிலும் குறைவு. அக்காவுக்கும் தம்பிக்கும் அது ஒரே அளவாகவும் இருக்காது.

இன்னொன்று, உறவினர்கள் ஒப்பிடுவது முகத்தை. அது தப்பான இடம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிர்கிறதே என்று பையன் மத்தியானம் முழுக்க வெளியில் ஆடினால் சேலத்து வெயிலைவிடச் சுருக்காகக் கறுப்பான். பிறவி நிறம் பார்க்க வேண்டுமானால் இருவரையும் ஜன்னல் பக்கம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, அக்குளுக்குச் சற்றுக் கீழே மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் அதிகம் படாத இடம் அது. டியூப்லைட்டிலும் செல்போன் படத்திலும் பார்க்காதீர்கள். பல போன்கள் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தரும்.

ஜாடை பேசுபவர்களுக்கு: நிறத்தைப் பார்த்து எந்த ஆய்வகமும் தகப்பன் யாரென்று சொல்லாது. அதற்கு ஒப்பிடுவது, நிறத்தோடு சம்பந்தமில்லாத பதினைந்துக்கும் மேற்பட்ட டிஎன்ஏ இடங்களை.

கேள்வி: அப்படியானால் மகளை மட்டும் ஆங்கிலோ இந்தியர் என்று பதிய முடியுமா? பள்ளிப் படிவத்தில் நிறம் எழுத வேண்டுமா?
- அதே வாசகி

முடியாது. அரசியலமைப்பின் 366(2) பிரிவு தோலைப் பார்ப்பதில்லை. தகப்பன், அவருடைய தகப்பன் என ஆண்வழியிலேயே ஏறிப்போய் ஐரோப்பிய வம்சாவளி ஒருவர் இருக்க வேண்டும். குடும்பம் இந்தியாவிலேயே நிலையாகக் குடியிருந்து, பிள்ளை இங்கே பிறந்திருக்கவும் வேண்டும். உங்கள் வீட்டில் தொடர்பு மாமியார் வழியாக வருகிறது. சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது. எனவே சட்டப்படி இரு பிள்ளைகளுமே ஆங்கிலோ இந்தியர் இல்லை. ஆண்வழி அறுபடாத வீட்டில் கன்னங்கரேலென்று பிறந்த பிள்ளை ஆங்கிலோ இந்தியர்தான். அந்த வீட்டுப் பெண்ணும் அப்படியே. ஆனால் அவள் பிள்ளைகளுக்கு அவள் கணவரின் ஆண்வழியைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலோ இந்தியருக்கென்று இருந்த நாடாளுமன்ற, சட்டமன்ற நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு போய்விட்டன. இந்த வரையறை போகவில்லை.

பள்ளிப் படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் கிடையாது. அங்க அடையாளம் கேட்கும் இடத்தில் 'சிவப்பு நிறம், பூனைக்கண்' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது வேண்டாம். 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, வலது தோளில் மச்சம்' என்று, இடத்தோடு எழுதுங்கள்.

'சட்டைக்காரர்' என்ற சொல்லும் தோலைப் பார்த்து வந்ததில்லை. அவர்கள் போட்டிருந்த உடையைப் பார்த்து வந்தது.

கேள்வி: ஒரே வயிற்றுப் பிள்ளைகளை இரண்டு இனமாக எங்காவது அதிகாரபூர்வமாகப் பிரித்திருக்கிறார்களா?
- கல்லூரி மாணவர், ஏற்காடு

உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டம் தோற்றத்தையும் அக்கம்பக்கத்துப் பேச்சையும் வைத்து இனத்தை எழுதியது. முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்த கூத்தெல்லாம் நடந்தது. வெள்ளையராகப் பதிவான பெற்றோருக்குப் பிறந்த சாண்ட்ரா லைங் என்ற சிறுமியை 1966இல் பள்ளியிலிருந்து வெளியேற்றி, 'கலப்பினம்' என்று மாற்றி எழுதினார்கள். அண்ணன் வெள்ளையராகவே இருந்தார். அந்தச் சட்டம் 1991இல் ஒழிந்தது.

பிரேசிலில் 2007இல் நடந்தது அதைவிட விசித்திரம். பிரேசிலியா பல்கலைக்கழக இட ஒதுக்கீட்டுக்கு இரண்டு சகோதரர்கள் விண்ணப்பித்தார்கள். புகைப்படத்தைப் பார்த்த குழு ஒருவரைக் கறுப்பர் என்று ஏற்றது, மற்றவரை இல்லையென்று தள்ளியது. இருவரும் ஒரே கரு பிரிந்து பிறந்த, அச்சு அசலான இரட்டையர்.