வீட்டம்மாவுக்கு முதல் டச் போன்: எதைப் பார்த்து வாங்கணும்?

கேள்வி: என் வீட்டம்மா வீட்லயே ஜாக்கெட் தைக்கிறாங்க. இதுவரைக்கும் பட்டன் போன்தான். கஸ்டமருங்க டிசைன் போட்டோவை எல்லாம் என் போனுக்குத்தான் அனுப்புறாங்க. நான் லோடு ஆட்டோ ஓட்டுறேன், ராத்திரி போய்க் காட்டுற வரைக்கும் அவங்க வேலை நிக்குது. கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸா 12,000 ரூபாய்க்குள்ள ஒரு ஸ்மார்ட்போன் வாங்கலாம்னு இருக்கேன். 108 மெகாபிக்சல் கேமரா இருக்கிறதா பார்த்து வாங்குன்னு மச்சான் சொல்றான். எது நல்லது?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: சர்ப்ரைஸை வேற எதுக்காவது வச்சுக்கங்கண்ணே. ஒரு சேலை எடுக்கவே அவங்களைக் கூட்டிட்டுத்தான போவீங்க, நாள் முழுக்க கையில வச்சிருக்கப் போற சாமானை நீங்களா எடுத்துட்டு வந்தா எப்படி? இப்ப வர்ற போனெல்லாம் ஆறரை இஞ்சுக்கு மேல, எடையும் கவர் போட்டா 200 கிராமைத் தாண்டிரும். உங்க கைக்கு அது ஒண்ணுமில்ல, அவங்க கட்டைவிரல் மேல இருக்கிற பட்டனுக்கு எட்டுதான்னு அவங்க புடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். கடைல ரெண்டு மூணு டெமோ போனை வாங்கி அவங்க கையில குடுத்துட்டு நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அதுபோதும்.

மச்சான் சொல்ற 108-ஐ விடுங்க. வாட்சப்ல அனுப்புனா போட்டோவை அதுவே சுருக்கித்தான் அனுப்பும். உங்க வீட்டம்மாவுக்கு வேலை கேமராவுல இல்ல, ஸ்கிரீன்லதான். கழுத்து டிசைன், கையில வச்ச ஆரி ஒர்க் இதெல்லாம் பெருசாக்கிப் பார்க்கணும், அதுவும் மெஷின் ஜன்னல் பக்கம் கிடந்தா பகல் வெளிச்சத்துல பார்க்கணும். அதனால டெமோ போனை கடை வாசல் வரைக்கும் கொண்டு வந்து வெளிச்சத்துல ஸ்கிரீன் தெரியுதான்னு பாருங்க, கடைக்குள்ள லைட்டுக்கு எல்லா போனும் பளபளன்னுதான் இருக்கும். (நூல் கலரை மட்டும் எந்த ஸ்கிரீனையும் நம்பி எடுக்க வேண்டாம், துணியைக் கொண்டு வரச் சொல்லிருங்க.)

மெமரி 128 ஜிபிக்குக் குறைஞ்சு எடுக்காதீங்க. 64 எல்லாம் வாட்சப் போட்டோவும் குட்மார்னிங் வீடியோவுமே சாப்பிட்டுரும். ரேம், அதாவது ஆப் எல்லாம் திணறாம ஓடறதுக்கான இடம், 6 ஜிபி இருந்தா நிம்மதி. "4+4, மொத்தம் 8 ஜிபி சார்"னு சேல்ஸ் பையன் சொல்வான், அதுல ரெண்டாவது 4 நிஜ ரேம் கிடையாது, மெமரில இருந்து கடன் வாங்கிக் காட்டுறது. செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும்னு கேளுங்க, பதில் சொல்லத் தடுமாறுனா அடுத்த மாடலைப் பாருங்க. கம்பெனி பேரை நான் சொல்லப் போறதில்ல, கோவில்பட்டிலயோ திருநெல்வேலிலயோ எதுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கோ அதை எடுங்க.

இன்னொண்ணு, ஊசியும் கத்தரியும் புடிச்சே விரல் ரேகை தேஞ்சிருக்கும். ரேஷன் கடை மெஷின்ல தொடைச்சுத் தொடைச்சு வைக்கச் சொல்றாங்கன்னா போன்லயும் அதே கதைதான். கைரேகை லாக் எடுக்கலைன்னு போனைக் குறை சொல்லாம, அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச 6 இலக்க பின் ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம், இதை எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க. சிம் யார் பேர்ல இருக்கு? உங்க பேர்ல இருந்தா, நாளைக்குத் தொலைஞ்சு டூப்ளிகேட் வாங்கணும்னா நீங்க லோடு இறக்கிட்டு ஓடி வரணும். அவங்க ஆதாரை வச்சு அவங்க பேர்லயே எடுங்க. அப்புறம் பேங்க். 2023 செப்டம்பர்ல 1,000 ரூபாயா ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை நிறைய வீட்டம்மாக்கள் அக்கவுண்ட்ல விழுது, மெசேஜ் மட்டும் வீட்டுக்காரர் போனுக்கு வருது! உங்க வீட்லயும் பேங்க்ல உங்க நம்பர்தான் குடுத்திருக்குன்னா அவங்க போன்ல ஜிபே, போன்பே எதுவுமே ஓடாது, ஏன்னா அந்த ஆப் பேங்க்ல பதிஞ்ச நம்பர்ல இருந்து தானா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் அக்கவுண்டைத் திறக்கும், அந்த சிம் அந்த போன்லயே இருக்கணும். அதனால முதல்ல பிராஞ்ச்ல நம்பர் மாத்துற ஃபாரம் எழுதிக் குடுங்க. தையக்கூலி அவங்க அக்கவுண்டுக்கே நேரா வரட்டும். பணம் வாங்குறதுக்கு ஜிபே, போன்பேல போடுற பின் நம்பரே தேவையில்லை, "பின் போட்டாத்தான் பணம் ஏறும்"னு யாராவது சொன்னா திருட்டுப் பயன்னு அவங்ககிட்ட சொல்லி வைங்க. ஏமாந்து பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு போன் போடுங்க.

கடைல போனை ஆன் பண்ணும்போது அந்தப் பையன் படபடன்னு ஒரு ஜிமெயில் ஐடி போட்டுக் குடுத்துருவான், பாஸ்வேர்டு என்னன்னு அவனுக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது. ஆறு மாசம் கழிச்சு போன் மக்கர் பண்ணி ரீசெட் போட்டா, பழைய ஜிமெயிலைப் போடுன்னு நிக்கும், அப்ப கடை கடையா அலையணும். ஐடியை வீட்ல வச்சு உக்காந்து போடுங்க, அவங்க அளவு நோட்டோட கடைசிப் பக்கத்துல பாஸ்வேர்டை எழுதி வைக்கட்டும். பில்லுல ஐஎம்இஐ நம்பர் (அந்த போனுக்குன்னே உள்ள அடையாள நம்பர்) இருக்கான்னு பாருங்க, *#06# அடிச்சா போன்லயும் வரும், ரெண்டும் ஒத்துப் போகணும்.

சாதா வாட்சப்புக்குப் பதிலா வாட்சப் பிசினஸ் போடுங்க, காசு கிடையாது. ஒவ்வொரு கஸ்டமர் பேர்லயும் "அளவு வந்தாச்சு", "தைச்சாச்சு", "பாக்கி"ன்னு லேபிள் ஒட்டி வச்சுக்கலாம். தமிழ்ல டைப் அடிக்க வரலைன்னா கீபோர்டுல மைக்கைத் தொட்டுப் பேசினா அதுவே எழுதிக்கும், நம்ம ஊர்ப் பேச்சு கொஞ்சம் தடுமாறும், கஸ்டமருக்குப் புரியற அளவுக்கு வந்துரும்.

கேள்வி: ரிட்டயர் ஆன எங்க வீட்டுக்காரருக்கு மகன் தன்னோட பழைய போனைக் குடுத்திருக்கான். அவர் பட்டன் போனை விட மாட்டேங்கிறார். என்ன செய்ய?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: புடுங்காதீங்கம்மா, ரெண்டும் இருக்கட்டும். டச் போன்ல எழுத்து அளவைப் பெருசாக்கி, முதல் பக்கத்துல பேரப்பிள்ளை வீடியோ கால், யூடியூப், கேமரா இந்த மூணை மட்டும் விட்டு மத்ததை எல்லாம் தூக்கிருங்க. பழைய போன்ங்கிறதால பேட்டரி உப்பியிருக்கான்னு பின்பக்கம் தடவிப் பாருங்க. அப்டேட் நின்னுபோன போன்னா பேங்க் ஆப் மட்டும் போட வேண்டாம்.

கேள்வி: மனைவிக்குப் புது போன் வாங்கிக் குடுத்திருக்கேன். அவங்களுக்குத் தெரியாம அவங்க வாட்சப்பை என் போன்ல பார்க்க வழி இருக்கா?
– பேர் வேண்டாம்

பதில்: இருக்கு, சொல்ல மாட்டேன். இதைப் படிக்கிற வீட்டம்மாக்களுக்கு மட்டும் சொல்றேன்: வாட்சப்ல மேல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டா லிங்க்டு டிவைசஸ்னு வரும், உங்க வாட்சப் வேற எதுலெல்லாம் ஓடுதுன்னு அது காட்டும், அதுக்குள்ள உங்களுக்குத் தெரியாத எதுவும் இருந்தா அதைத் தொட்டு லாக் அவுட் குடுத்துட்டு, போன் பின் நம்பரையும் மாத்திருங்க.