ஜெர்மன் மருமகள் கோவைக்குக் குடிவருகிறாள்: எதைச் சொல்லித் தருவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: என் மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு ஜெர்மன் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். வரும் ஜூனில் இருவரும் கோவைக்கே வந்துவிடுகிறார்கள். முதல் சில மாதம் எங்களோடு, பிறகு தனி வீடு. மருமகள் இதுவரை விருந்தாளியாக வந்து போனவள்தான். நம் பழக்கவழக்கம், சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் அவளை இப்போதே எப்படித் தயார் செய்வது? விசாவிலிருந்து 'கலாசாரப் பயிற்சி' வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஏஜென்ட் ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, சாய்பாபா காலனி)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அந்தப் பணத்தில் அவர்கள் அறைக்கு ஒரு ஏ.சி.யும் ஜன்னல்களுக்குக் கொசுவலையும் போடுங்கள். மிச்சம் நிறையவே இருக்கும்.

கோவையின் பம்ப், காஸ்டிங், மில் மெஷின் கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினியர்களையும் அவர்கள் குடும்பத்தையும் இங்கே குடியமர்த்திக் கொடுப்பதுதான் என் வேலை. நான் பார்த்தவரை ரசத்தின் காரம் தாங்காமல் ஊருக்குத் திரும்பியவர் யாரும் இல்லை. ஒரு ஆட்டோ பிடிக்கவும், பால் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கவும், ஒரு மாத்திரை வாங்கவும் வீட்டில் யாரையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் ஆளை ஒடித்துப் போடுகிறது. அங்கே தனியாகச் சம்பளம் வாங்கி, தனியாக ரயிலேறிப் போய்வந்த பெண் இங்கே வந்ததும் சிறுபிள்ளையாகிவிடுகிறாள். ஆகவே மருமகளுக்குப் பழக்கவழக்கம் சொல்லித் தருவதைவிட, அவர் சீக்கிரம் தனியாக வெளியே போய் வருவதற்கு என்ன வழி என்று யோசியுங்கள். மற்றதைத் தானே பார்த்துப் பழகிக்கொள்வார்.

அந்தக் 'கலாசாரப் பயிற்சி' என்னவென்று எனக்குத் தெரியும். கும்பிடுவது எப்படி, சேலை கட்டுவது எப்படி, இலையில் எந்தக் கையால் சாப்பிடுவது என்று கம்ப்யூட்டரில் நாலு மணி நேரம் வகுப்பு. உங்கள் மருமகள் ஏற்கெனவே உங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர். அவருக்கு இது எதற்கு?

இப்போது காகிதங்கள். ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இங்கேதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் மகன் இந்தியக் குடிமகன் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். மருமகள் சுற்றுலா விசாவில் வரக்கூடாது. 'முதலில் டூரிஸ்ட் விசாவில் வரட்டும், இங்கே வந்ததும் நாங்கள் மாற்றித் தருகிறோம்' என்று சொல்பவரிடம் அதற்குமேல் பேச்சே வேண்டாம். இந்தியரின் மனைவிக்கு 'என்ட்ரி விசா' என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. எக்ஸ் விசா என்பார்கள். ஜெர்மனியிலேயே, திருமணச் சான்றிதழை வைத்து, மகனே விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழுக்கு எந்தச் சான்றொப்பம் வேண்டும் என்பதை அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அந்த ஒரு காகிதத்துக்காக ஸ்டுட்கார்ட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்று இது ஆன்லைனில்தான் நடக்கிறது. அந்த அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் பாஸ்போர்ட், விசா, போட்டோ, முகவரிச் சான்று ஏற்றினால் போதும். தளம் பொறுமையைச் சோதிக்கும்; போட்டோ அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பும். ஆனால் உங்கள் மகனுக்கு இது ஒரு சாயங்கால வேலை. 'ஆபீஸில் ஆள் இருக்கிறார், பேசி முடித்துவிடலாம்' என்று இதற்கு நாற்பதாயிரம் வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் இதே தளத்தில்தான் ஏற்றுகிறார்கள்.

உங்கள் ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்கமாட்டார்: வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். சி-ஃபார்ம் என்று சொல்லிவந்தது அதைத்தான்; 2025 விதிகளில் அதன் பெயர் ஃபார்ம் III. லாட்ஜுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கும் உண்டு. மருமகள் உங்கள் வீட்டில் வந்து இறங்கினால், சட்டத்தின் கண்ணில் 'தங்கவைத்தவர்' நீங்களும் உங்கள் கணவரும்தான். சொந்த மருமகளை வீட்டில் வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்குச் சேதி சொல்ல வேண்டுமா என்றால், ஆமாம், வேண்டும். எனக்கும் இது எரிச்சல்தான். லாட்ஜ் அல்ல, குடியிருக்கும் வீடு என்ற வகையில் ஆன்லைனில் முன்பே உங்கள் முகவரியைப் பதிந்து வையுங்கள். மருமகள் வந்து இறங்கும் அன்று அவர் விவரத்தை மட்டும் நிரப்பலாம்.

அடுத்தது ஓ.சி.ஐ. அட்டை, அதாவது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்று இந்தியத் தொடர்புள்ள வெளிநாட்டவருக்கு அரசாங்கம் தரும் அட்டை. அது கிடைத்தால் விசாத் தொல்லை போய்விடும். 'ஒரே மாதத்தில் கியாரன்டி' என்று அந்த ஏஜென்ட் சொல்லியிருந்தால் பச்சைப் பொய். இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கு, திருமணம் பதிவாகி, தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்த பிறகுதான் விண்ணப்பிக்கவே தகுதி. பதிவு என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் மகன் மருதமலையில் முதலில் தாலி கட்டி, எட்டு மாதம் கழித்து ஜெர்மனியில் பதிவு செய்திருந்தால், தாலி கட்டிய தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு போய் நிற்காதீர்கள். பதிவுத் தேதியிலிருந்து எண்ணுங்கள். முதலில் ஜெர்மனியில் பதிவு, பிறகு இங்கே கோயிலில் கல்யாணம் என்றால் பிரச்சினை இல்லை, பதிவுதான் முந்தி. இரண்டு ஆண்டு முடியப் பத்து நாள் குறைந்தாலும் விண்ணப்பம் செல்லாது. பத்து நாள் காத்திருங்கள், 'அட்ஜஸ்ட்' பண்ணித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். மனைவி என்ற முறையில் விண்ணப்பிப்பவருக்குப் பாதுகாப்பு விசாரணையும் உண்டு. அது எப்போது முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆதாருக்கும் அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டுக் குடிமகள் என்பதால், கடந்த 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்த பிறகுதான் அவருக்குக் கிடைக்கும். மகனுக்கு இந்த நிபந்தனை இல்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வந்ததுமே எடுக்கலாம். ஆனால் நம் ஊரில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வரை ஆதார் கேட்கிறார். பாஸ்போர்ட்டைக் காட்டினால், 'இது இல்லீங்க, ஆதார்' என்பார். மருமகள் பாஸ்போர்ட், விசாப் பக்கம், பதிவுச் சான்று மூன்றின் நகலையும் ஒரு கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். அசல் வீட்டில் இருக்கட்டும்.

சிம் கார்டை செல்போன் கம்பெனியின் சொந்த ஷோரூமில், பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டி, அவர் பெயரிலேயே வாங்குங்கள். குடை விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் வேண்டாம். யார் பெயரிலோ எடுத்த சிம்மைத் தலையில் கட்டிவிடுவார்கள். பேங்க் கணக்கு திறந்து, கியூ.ஆர். ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டுகிற நிலைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு பர்ஸ் நிறையக் கொடுத்து வையுங்கள். தனியார் டவுன் பஸ்ஸில் ஐந்நூறை நீட்டினால் கண்டக்டர் பார்க்கும் பார்வைக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

உடம்புக்கு வருவோம். ஜூன் வரை நேரம் இருப்பதால் தடுப்பூசியை ஜெர்மனியிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு இரண்டையும் டாக்டரே சொல்லிவிடுவார். வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியைக் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் காலையில் தனியாக நடக்கப் போவார்கள். நம் தெருநாய்களுக்கு அந்த நேரம் பிடிக்காது. முன்பே ஊசி போட்டவரை நாய் கடித்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றும் மூன்று நாள் கழித்தும் ஊசி போட வேண்டும்தான். ஆனால் கடித்த இடத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. அந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று ராத்திரியில் அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சிறுவாணியைப் பற்றிக் கோவைக்காரரிடம் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. குழாயில் வருவது நல்ல தண்ணீர்தான். உங்கள் சம்ப்பும் மொட்டைமாடி டேங்க்கும் எப்போது கழுவியது? ஜூனுக்கு முன் கழுவிவிடுங்கள். முதல் சில வாரம் கொதிக்கவைத்த தண்ணீர், பல் விளக்கவும் அதுவே. இட்லியால் யாருக்கும் வயிறு போகாது, பச்சைத் தண்ணீர் விட்டுக் கரைத்த சட்னியால் போகும். வெளியே ஜூஸ் என்றால் ஐஸ் இல்லாமல். வயிறு போனால் ஓ.ஆர்.எஸ். தூள் பாக்கெட், அதில் எழுதியிருக்கும் அளவு (பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்) கொதித்து ஆறின தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து. டெட்ரா பேக்கில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீர் விற்பதற்கு 2025 அக்டோபரில்தான் தடை போட்டார்கள். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

பகலில் கடிக்கும் கொசுதான் டெங்கு தருவது. பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு இரண்டையும் வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள்.

வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்புவதாக இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து. 'டோர் டு டோர்' என்று எழுதியிருக்கும். துறைமுகக் கையாளும் கட்டணம், கஸ்டம்ஸ் ஏஜென்ட் கூலி, தாமதக் கட்டணம் எல்லாம் கொச்சியிலோ தூத்துக்குடியிலோ பெட்டி வந்து இறங்கிய பிறகு முளைக்கும். மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் விற்கவருபவரைத் திருப்பி அனுப்புங்கள். ஜெர்மன் சார்ஜரின் இரண்டு மெல்லிய முள் நம் பிளக் பாயின்ட்டில் பெரும்பாலும் போய்விடும். ஹேர் டிரையர், கெட்டில் ஆகியவற்றின் தடித்த உருண்டைப் பிளக் போகாது. போனாலும் எர்த் சேராது. அவற்றை இங்கேயே வாங்குவது மேல்.

கடைசியாகப் பழக்கவழக்கம். மருமகளைவிட உங்கள் சொந்தக்காரர்களைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. வந்த மூன்றாம் நாள் யாராவது ஒரு சித்தி, 'என்ன கண்ணு, விசேஷம் ஏதாச்சும் உண்டா?' என்று சிரித்துக்கொண்டே கேட்பார். சம்பளம் எவ்வளவு என்று பெரியப்பா கேட்பார். அங்கே இதெல்லாம் கூடப் பிறந்தவர்களே கேட்கத் தயங்கும் விஷயம். மகன் இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, சிரித்து நழுவ ஒரு பதிலையும் சொல்லித் தரட்டும். சித்தியிடம் நீங்கள் பேசுங்கள்.

அவர்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். வேலைக்கார அம்மாவுக்கும் அதைச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குத் துடைப்பத்தோடு படுக்கையறைக்குள் ஒருவர் நுழைவதைத் தாங்க முடியாமல் என்னிடம் அழுத பெண்கள் உண்டு. 'போதும்' என்று அவர் சொன்னால் போதும்தான். நாம் மூன்று முறை சொன்னால்தான் நிறுத்துவோம் என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் வைத்த இட்லியை மரியாதைக்காகத் தின்றுவிட்டு ராத்திரி அவதிப்படுவார். பிளம்பர் 'நாளைக்கு வரேங்க' என்றால் அவர் காலை எட்டு மணியிலிருந்து காத்திருப்பார், அதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

தனி வீடு பார்க்கும்போது மகன் மட்டும் போகட்டும். வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டதும் புரோக்கர் வாடகையை ஏற்றிவிடுவார், அட்வான்ஸையும் பத்து மாதம் என்பார். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர' என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்திருக்கிறது, கெடுப்பது அந்த வால்தான். மூன்றில் ஆரம்பித்துப் பேசுங்கள். வாடகை, அட்வான்ஸ், காலி செய்யும்போது பெயின்ட் கூலி பிடிப்பார்களா என்பது வரை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தான பிறகு மருமகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.