கவனிக்காமலேயே ஒரு வரிசை ஒழுங்கைக் கற்றுக்கொள்ள முடியுமா?

நமக்கே தெரியாமல் கற்பது வேறு, கவனமே இல்லாமல் கற்பது வேறு. முதலாவது தாராளமாக நடக்கிறது. இரண்டாவதில்தான் சிக்கல்.

1987-இல் நிசென், புல்லெமர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையைப் பாருங்கள். திரையில் நான்கு இடங்கள், கீழே நான்கு பொத்தான்கள். எங்கே வெளிச்சம் வருகிறதோ அதற்கு நேரான பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 10 இடங்கள் கொண்ட ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் விரல்கள் வேகமெடுத்தன. கோர்சகோஃப் நோயால் நினைவு கெட்டவர்களுக்கும் அப்படியே. வரிசை என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது!

அப்புறம், அழுத்திக்கொண்டே காதில் விழும் ஒலிகளை எண்ணவும் சொன்னார்கள். கற்றல் படுத்துவிட்டது.

சரி, கவனம் கட்டாயம் என்று முடித்துவிடலாமா? அதுவும் இல்லை. ஒன்றுக்குப் பின் இன்னதுதான் வரும் என்று தெளிவாக இருக்கும் வரிசைகளை, கவனம் சிதறினாலும் பிடித்துக்கொள்கிறோம் என்று 1990-இல் கோஹன், ஐவ்ரி, கீல் காட்டினார்கள். எண்ணும் வேலை கற்பதைக் கெடுக்கிறதா, கற்றதை வெளிக்காட்ட விடாமல் செய்கிறதா என்று ஆய்வாளர்கள் பின்னர் மல்லுக்கட்டினார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.