3,000 சொற்களை மனப்பாடம் செய்தால் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் கூடுமா?

கேள்வி: நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் எட்டு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இங்கிலாந்து செல்வதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதினேன். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 கிடைத்தது. எழுத்தில் மட்டும் 6. ‘அட்வான்ஸ்டு வொகாபுலரி’ இல்லாததுதான் காரணம் என்று சொல்லி, 3,000 சொற்கள் கொண்ட தொகுப்பை வாங்கும்படி பயிற்சி மையத்தில் வற்புறுத்துகிறார்கள். அடுத்த தேர்வுக்கு 45 நாட்களே உள்ளன. எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடமும் வேண்டாம், அந்தத் தொகுப்பும் வேண்டாம்.

என்எம்சி எனப்படும் பிரிட்டன் செவிலியர் மன்றம் எழுத்துப் பகுதிக்கு 6.5-ஐயும், மற்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 7-ஐயும் கேட்கிறது. ஆகவே உங்களுக்குக் குறைவது அரைப் புள்ளி மட்டுமே. எழுத்துப் பகுதியை நான்கு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறீர்களா, கருத்துகள் கோவையாக அமைந்துள்ளனவா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளம் என்பது அதில் கால் பங்குதான். உங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தது அந்தக் கால் பங்குதான் என்று பயிற்சி மையத்துக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் விடைத்தாளை அவர்கள் பார்த்திருக்க முடியாது, நீங்களும் பார்த்திருக்க முடியாது. எழுத்துக்கு ஒரே ஓர் எண்ணை அச்சிட்டு அனுப்பிவிட்டு, எங்கே தவறினோம் என்பதை ஊகித்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிற தேர்வு இது. அந்த எண்ணும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஆங்கிலம் என்ன, பாக்கெட் பாலா? காரணம் சொல்லாத இந்த மௌனத்தில்தான் தொகுப்பு விற்பவர்கள் கடை விரிக்கிறார்கள்.

சொல்வளத்தில் 6-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வு நடத்துபவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். பழக்கம் குறைந்த சொற்களைக் கையாள முயன்று, சில இடங்களில் பிழைபட்டால் 6. அத்தகைய சொற்களை, அவை எந்தச் சொல்லோடு சேரும், எந்த நடைக்குப் பொருந்தும் என்ற உணர்வோடு கையாண்டால் 7. எத்தனை சொற்கள் என்ற கணக்கே அங்கு இல்லை. தமிழில் நாம் பல்லைத் துலக்குகிறோம், துணியைத் துவைக்கிறோம், பாத்திரத்தைக் கழுவுகிறோம். எல்லாமே சுத்தம் செய்வதுதானே என்று ஒருவர் ‘பல் துவைத்தேன்’ என்று எழுதினால் என்ன நினைப்போம்? ஆங்கிலத்திலும் அப்படித்தான். மழை ‘ஹெவி’யாகப் பெய்யும், தேநீர் ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்.

நிகண்டு மனப்பாடம் செய்த காலத்தின் நிழல் நம் வகுப்பறைகளை விட்டு இன்னும் நீங்கவில்லை. ஒரு சொல்லுக்குப் பத்துச் சொற்களை ஒப்பித்தால் புலமை என்று நம்புகிறோம். என்னிடம் வந்த ஒரு செவிலியர், குழந்தைகளும் கைபேசியும் பற்றிய கட்டுரையில், ‘சில்ட்ரன்’ என்ற சொல் இரண்டாம் முறை வரக்கூடாது என்பதற்காக முதலில் ‘ஆஃப்ஸ்பிரிங்’ என்றும், அடுத்து ‘ஜுவனைல்ஸ்’ என்றும், கடைசியில் ‘எ பிளெதோரா ஆஃப் இன்ஃபன்ட்ஸ்’ என்றும் எழுதியிருந்தார். முதல் சொல் விலங்கின் குட்டிக்கும் பொருந்துவது, இரண்டாவது நீதிமன்ற வாடை வீசுவது, மூன்றாவதோ கைபேசியைப் பிடிக்கக்கூடத் தெரியாத கைக்குழந்தை. ஐந்து முறையும் ‘சில்ட்ரன்’ என்றே எழுதியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. ‘மாரி பெய்ததால் பேருந்து தாமதமாக வந்தது’ என்று யாராவது விடுப்புக் கடிதம் எழுதுவார்களா?

இதற்கு விதிவிலக்கான இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேள்வியின் வாக்கியத்தை அப்படியே உங்கள் முன்னுரையில் எடுத்து எழுதினால், அந்தப் பகுதியைச் சொல் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்துப் பகுதியின் இரண்டு பணிகளில், வரைபடத்தை விவரிக்கும் முதல் பணிக்குக் குறைந்தது 150 சொற்களும், கட்டுரை எழுதும் இரண்டாவதற்கு 250 சொற்களும் வேண்டும் என்பதால் இந்த இழப்பு சிறியதல்ல. ஆகவே அங்கே மட்டும் மாற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் மாற்ற வேண்டியது வாக்கியத்தின் அமைப்பையே தவிர, ஒவ்வொரு சொல்லையும் அல்ல. ‘கைபேசிப் பயன்பாடு குழந்தைகளின் உடல்நலத்தைப் பாதிக்கிறது’ என்பது கேள்வியாக இருந்தால், ‘கைபேசியை அதிகம் பயன்படுத்தும் குழந்தைகளுக்கு உடல்நலக் கேடு வருகிறது’ என்ற அமைப்புக்கு ஆங்கிலத்தில் கொண்டுவந்தால் போதும். கைபேசி கைபேசியாகவும், குழந்தை குழந்தையாகவும் இருக்கலாம். முதல் பணியிலும் இதே நிலைதான்: அச்சில் எழுதியிருக்கும் பெயர்களை மாற்றினால் எந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதே படிப்பவருக்குப் புரியாமல் போகும்.

தொகுப்பு விற்பவர் அடுத்ததாக ‘டெம்ப்ளேட்’ கட்டுரை விற்பார். மனப்பாடப் பத்திகள் தேர்வாளர்கள் தினமும் பார்ப்பவை. உடனே அடையாளம் கண்டு, அதற்கேற்ப மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். அதன் பிறகு இடைத்தரகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும் என்பார், தேர்வே எழுதாமல் சான்றிதழ் தருவதாகவும் சொல்வார். சான்றிதழின் எண்ணைக் கொண்டு அதைக் கேட்கும் நிறுவனமே இணையத்தில் நேரடியாகச் சரிபார்க்க முடியும் என்பதை அவர் சொல்ல மாட்டார். பணம் போவது மட்டுமல்ல, பொய்ச் சான்றிதழ் கொடுத்தவர் என்ற குறிப்பு உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி 45 நாட்களுக்கு வருவோம். நியூசிலாந்தின் வெல்லிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். அடிக்கடி வருபவை முதலில் வரும்படி பத்துப் பிரிவுகளாக அடுக்கப்பட்டுள்ளன. முதல் மூன்று பிரிவுகளில் பிரிவுக்கு 60 வீதம் 180 குடும்பங்கள். நாளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டால் 36 நாட்கள். ஒவ்வொன்றையும் குடும்பத்தோடு எழுதுங்கள்: ‘எகனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்தது, ‘எகனாமிக்கல்’ என்றால் சிக்கனமானது, ‘எகனாமிக்கல் குரோத்’ என்று நம்மவர்கள் எழுதும் பிழை இந்த வேறுபாடு தெரியாததால் வருவதுதான். பொருளைத் தமிழில் எழுதி வைப்பதைவிட, அந்தச் சொல் வந்த ஆங்கில வாக்கியத்தை முழுமையாக எழுதி, பக்கத்தில் நிற்கும் சொல்லை அடிக்கோடிடுங்கள். ‘அசெஸ்’ (மதிப்பிடு) என்ற சொல்லை உங்கள் வார்டிலேயே நாள்தோறும் பயன்படுத்துகிறீர்கள். அது கட்டுரையில் எப்படி நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

மீதமுள்ள ஒன்பது நாட்களில் புதிய சொல் எதையும் தொட வேண்டாம். நாளுக்கு ஒரு கட்டுரையை 40 நிமிடத்தில் எழுதி, மறுநாள் காலையில் சிவப்பு மையால் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘ஈக்விப்மென்ட்ஸ்’ போன்ற, ஆங்கிலத்தில் இல்லாத பன்மைகளைத் தேடித் தேடி அந்தக் கடைசி எழுத்தை அடியுங்கள்.