மல்லிகை மஞ்சளானால்: மண் சந்தேகங்களுக்குப் பதில்

கேள்வி: புதுக்கோட்டையில் அம்மா வீட்டுச் செம்மண்ணில் நன்றாகப் பூத்த குண்டுமல்லியில் பதியன் எடுத்து வந்து இங்கே கரிசல் மண்ணில் நட்டேன். துளிர் இலைகள் மஞ்சளாக இருக்கின்றன, நரம்பு மட்டும் பச்சை. தினமும் தண்ணீர் விடுகிறேன். இரண்டடிக் குழி தோண்டிச் செம்மண் நிரப்பி மாற்றி நடலாமா? – வாசகி, கோவில்பட்டி

பதில்: குழி மட்டும் வேண்டாம்மா. சுற்றிலும் கரிசல் இருக்க, நடுவில் செம்மண் நிரப்பிய குழி ஓட்டையில்லாத சிமென்ட் தொட்டி மாதிரிதான். மேலே விடும் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கும், அதற்கப்புறம் வெளியே போக வழியிருக்காது. செம்மண் கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் தரைக்கு மேலே ஒன்றரை அடி மேடு கட்டி, தொழுவுரம் கலந்து அதில் நடுங்கள்.

முதலில் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். செம்மண்ணில் இது பழக்கமாக இருந்திருக்கும், அங்கே நீர் வடிந்துவிடும். கரிசலின் களி நீரைப் பிடித்து ஊதிக்கொள்ளும், வேருக்குக் காற்றே கிடைக்காது. நான்கு விரல் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்க வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அதற்காக ஒரேயடியாகக் காயவும் விடாதீர்கள். காய்ந்தால் சுருங்கி வெடித்துச் சல்லிவேரை அறுத்துவிடும். வீட்டுச் சுவரையே விரிசல் விடவைக்கிற மண் அது! தூரைச் சுற்றிச் சருகு பரப்பினால் வெடிப்பு குறையும்.

இனி மஞ்சள். அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை என்று யூரியா பக்கம் போகலாம். உங்களுக்குத் துளிர்தான் வெளுக்கிறது, நரம்பு பச்சையாக நிற்கிறது. இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கரிசலில் சுண்ணாம்பு அதிகம், கார நிலை (pH அளவு) பெரும்பாலும் 8-ஐத் தாண்டும், அந்த நிலையில் இரும்பு கரையாது, வேரால் எடுக்கவும் முடியாது. அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பு) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, துளிர் பச்சையாக வரும்வரை. தூரில் கொட்டினால் சுண்ணாம்பு அதையும் கட்டிப் போட்டுவிடும். வெளிர்பச்சையாக இருக்கும் உப்பாகப் பார்த்து வாங்குங்கள். பழுப்பேறியதைக் கடைக்காரர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் கரிசலில் பருத்தி, உளுந்து, கொத்தமல்லி எல்லாம் வருகிறது. நிலக்கடலை போடலாமா? – வாசகர், விளாத்திகுளம்

பதில்: செடி வரும், கடலைதான் கையில் வராது. பூத்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். இறுகிய கரிசலில் அது இறங்கத் திணறும். அப்படியே பிடித்தாலும், பறிக்கும்போது நிலம் காய்ந்திருந்தால் செடி கையோடு வரும், காய் உள்ளேயே அறுந்து நிற்கும். பறிகூலிக்குக் கட்டாது. பருத்தியின் ஆணிவேர் கரிசலின் அடி ஈரத்தைத் தேடிப் போய்க் குடிக்கும். அதையே போடுங்கள், ஊடுபயிராக உளுந்தும் இருக்கட்டும்.